கௌஃபிஷ்ஷை கடைசில பிடிச்சுக்கலாம்னு நினைச்ச ஞாயித்துக்கிழமை: ஒரு வீட்டு மெரைன் டேங்க் நிகழ்வு ஆய்வு

இது ஒரு நண்பர் வீட்டு மெரைன் டேங்க்ல, அதாவது கடல் மீன் தொட்டியில, கௌஃபிஷ்ங்கிற கொம்பு வச்ச ஒரு கடல் மீனால நடந்தது, நானும் கூட இருந்தேன், நடந்த தப்புல ஒண்ணு நேரடியா என்னோடது. எழுதலாமான்னு அவர்கிட்ட கேட்டேன், பேர் மட்டும் வேண்டாம், மத்தபடி நடந்ததை அப்படியே எழுதுன்னு சொன்னார். கௌஃபிஷ் வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு "விஷம் விடும், எல்லா மீனும் செத்துடும்"னு ஒரு வரியில பதில் சொல்லி முடிச்சுடுறாங்க. அந்த விஷம் எப்ப வருது, வந்தா எப்படி தெரியும், வராம பாத்துக்க என்ன பண்ணணும்னு யாரும் சொல்றதில்ல. அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

பின்னணி

சென்னையில ரெண்டாவது மாடி ஃப்ளாட். டேங்க் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழ இருக்கிற சம்ப்பையும் (தண்ணி வடிகட்டுற கீழ்த்தொட்டி) சேர்த்து, பாறை அடைச்ச இடத்தை கழிச்சா தண்ணி சுமாரா 270 லிட்டர். ஆர்ஓ தண்ணியில உப்பு கலக்குறது, கிராவிட்டி (உப்பு எவ்ளோன்னு காட்டுற கணக்கு) 1.025, சில்லர் போட்டு 26 டிகிரி, கழிவை நுரையா வெளிய தள்ளுற ஸ்கிம்மர் ஒண்ணு, ஒரு இஞ்ச் மணல். ரெண்டு வருஷமா பெரிய பிரச்சனை இல்லாம ஓடிட்டிருந்த டேங்க். உள்ள மீன்னா ஒரு ஜோடி க்ளவுன், ரெண்டு நீல டாம்சல், ஒரு சிக்ஸ்லைன் ராஸ், அது போக ஒரு கிளீனர் ஷ்ரிம்ப், கொஞ்சம் நத்தை, ஹெர்மிட் நண்டு.

வீட்ல நண்பர், அவர் மனைவி, ஒன்பது வயசு பொண்ணு, நண்பரோட அம்மா. கணவன் மனைவி ரெண்டு பேரும் காலைல எட்டரைக்கு கிளம்பினா ராத்திரி ஏழுக்குத்தான் திரும்புவாங்க. இந்த டைமிங் பின்னாடி முக்கியமாகும்.

வாங்கின அன்னிக்கு

ஜனவரியில வளர்ப்பு மீன் கடைங்க இருக்கிற கொளத்தூர் போயிருக்காங்க, உப்பு வாங்க. உப்பு மட்டும் வாங்கிட்டு கொளத்தூர்ல இருந்து திரும்பி வந்த ஆள் யாரும் இருக்க மாட்டாங்க, அது வேற விஷயம். கடையில ஒரு சின்ன தொட்டியில எலுமிச்சம்பழம் சைஸ்ல மஞ்சளா ஒண்ணு, கண்ணுக்கு மேல ரெண்டு கொம்பு, வால் பக்கம் கீழ ரெண்டு கொம்பு, ஹெலிகாப்டர் மாதிரி ஒரே இடத்துல நின்னு துடுப்பை மட்டும் அடிச்சுக்கிட்டு, இவங்க கண்ணாடிகிட்ட போனா அதுவும் கிட்ட வந்து பாத்திருக்கு. பொண்ணு "அப்பா, மாடு!"ன்னு கத்திட்டா. அவ்ளோதான், வாங்கியாச்சு. அப்ப நீளம் 5 செ.மீ. தான்.

கடைக்காரர்கிட்ட கேட்டது ஒரே கேள்வி, சாப்பிடுதா? நல்லா சாப்பிடும் சார்னார், அது பொய்யில்ல. ஆனா இது எவ்ளோ பெருசாகும்னு இவர் கேக்கல, அவரும் சொல்லல. லாங்ஹார்ன் கௌஃபிஷ்ங்கிற இந்த வகை கடல்ல 40 செ.மீ.க்கு மேலயும் வளரும். மஞ்சள் பாக்ஸ்ஃபிஷ்னு குட்டியா கறுப்புப் புள்ளியோட பகடைக்காய் மாதிரி விப்பாங்களே, அதுவும் அதே கணக்குதான், 45 செ.மீ. வரைக்கும் போகும். ஒன்றரை அடி அகலம்னா 46 செ.மீ. உடம்பெல்லாம் அறுகோண தட்டு சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி இறுகி இருக்கிறதால மத்த மீன் மாதிரி இதால உடம்பை வளைச்சு திரும்ப முடியாது. அப்ப முழுசா வளர்ந்த மீன் அந்த டேங்க்ல திரும்புறதுக்கே இடம் பத்தாது. இது வாங்குற நேரத்துல ஒரு நிமிஷத்துல போடக்கூடிய கணக்கு, நாங்க போட்டது எட்டு மாசம் கழிச்சு.

வீட்டுக்கு வந்து எனக்கு போட்டோ அனுப்பினார். நான் சொன்னது ரெண்டு விஷயம்: பவர்ஹெட் (உள்ள தண்ணியை சுழட்டுற பம்ப்) வாயில வலை கட்டு, இதுக்கு நீந்துற பலம் கம்மி, ஒட்டிக்கிட்டா வெளிய வர முடியாது, இன்னொண்ணு, எப்ப மாத்தினாலும் வலையில பிடிக்காத, கொம்பு மாட்டி உடையும், தண்ணிக்கு மேல தூக்கவும் செய்யாத, காத்தை முழுங்கிடும், மக்ல தண்ணியோடயே மொண்டு எடு. ரெண்டையும் செஞ்சார்.

முதல் ரெண்டு மாசம்: சாப்பாடு

முதல் வாரம் எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது. கௌஃபிஷ் மணலைப் பாத்து வாயால தண்ணியை பீச்சும், மணல் பறக்கும், அடியில இருக்கிற சின்ன புழுவை எடுக்கும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும். ஆள் வந்தா மேல வந்து கெஞ்சும். சாப்பாட்டுக்கு கெஞ்சுற மீனைப் பாத்தா அது பட்டினியா இருக்கும்னு யாருக்கும் தோணாது.

மூணாவது வாரம் அதை முதல்ல கவனிச்சது நண்பரோட அம்மா. அவங்களுக்கு வீட்ல மீன் வளக்குறதே பிடிக்காது, கரண்ட் பில் பத்தி மட்டும்தான் பேசுவாங்க. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு டேங்க் முன்னாடி சேர் போட்டு உக்காந்தவங்க ராத்திரி மகன்கிட்ட, "டேய், அந்த மாட்டுக்கு விலா ஒட்டிக்கிடக்குடா, மத்ததெல்லாம் தின்னு கொழுத்துப் போய் இருக்கு, இதுக்கு ஒண்ணுமே கிடைக்கல"ன்னு சொல்லியிருக்காங்க. போய் பாத்தா உண்மை. பக்கவாட்டுல மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவுல குழி விழுந்து, காலியான ஜூஸ் டப்பாவை உறிஞ்சின மாதிரி இருந்துச்சு. பாக்ஸ்ஃபிஷ், கௌஃபிஷ் வளக்குறவங்க தினமும் பாக்க வேண்டிய இடம் அது. வயித்தை மட்டும் பாத்தா தெரியாது, அடிப்பக்கம் தட்டுங்கிறதால எப்பவும் தட்டையாத்தான் இருக்கும்.

நான் போய் ஒரு வேளை சாப்பாடு போடுறதை வீடியோ எடுத்தேன். உறைய வச்ச மைசிஸ் (பொடி இறால் மாதிரி தீனி) ஒரு கட்டி போட்டதும் சிக்ஸ்லைனும் டாம்சலும் 30 செகண்டுக்குள்ள முடிச்சுடுச்சு, கௌஃபிஷ் ஒரு துண்டைப் பாக்கும், சாஞ்சு நின்னு குறி வைக்கும், வாயை குவிக்கும், அதுக்குள்ள துண்டு இன்னொருத்தன் வாயில. 30 செகண்ட்ல அதுக்கு கிடைச்சது ரெண்டே ரெண்டு மைசிஸ்.

அப்ப எடுத்த முடிவு, ஒரு நாளைக்கு மூணு வேளை, அதுல கௌஃபிஷ்ஷுக்கு தனியா. பெரிய சிரிஞ்ச் முனையில ஏர் டியூப் மாட்டி அது வாய்கிட்டயே கொண்டுபோய் மெதுவா தள்றது. முதல்ல மத்த மீனுக்கு டேங்க்கோட அந்த ஓரத்துல போட்டு கூட்டத்தை அங்க இழுத்துட்டு, அப்புறம் இந்தப் பக்கம் சிரிஞ்ச். மைசிஸ் மட்டும் போடாம காசிமேட்டு இறாலையும் கடம்பாவையும் பொடிசா நறுக்கி ஃப்ரீசர்ல வச்சாச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவை மட்டி ஓட்டோட ஒரு பாதி உள்ள. மட்டியை அது ஒரு மணி நேரம் கொத்திக்கிட்டே இருக்கும், மத்த மீனால மொத்தத்தையும் ஒரே வாயில தூக்கிட்டுப் போக முடியாது, எங்களுக்கு இருந்ததுலயே நல்ல வழி அதுதான்.

மத்தியான வேளைக்கு யாருன்னு கேள்வி வந்துச்சு, அம்மாதான். சிரிஞ்ச்சை கையில கொடுத்தப்ப "எனக்கு எதுக்குடா இந்த வேலை"ன்னாங்க, ஒரு மாசம் கழிச்சு மகன் லீவு நாள்ல போடப் போனா, உனக்கு பொறுமை இல்ல தள்ளுன்னாங்க. மார்ச் முடியறப்ப குழி போயிடுச்சு.

மூணு வேளையும் மீந்ததுல டேங்க்ல நைட்ரேட் (தீனியும் கழிவும் மக்கி தண்ணியில சேர்றது) ஏறிச்சு, அதுக்கு வாராவாரம் 15 சதவீதம் தண்ணி மாத்துனாங்க. அது கூடவே வர்ற செலவு, சொல்லிடணும்.

ஆகஸ்ட்: செயில்ஃபின்னும் வெள்ளைப் புள்ளியும்

ஆகஸ்ட்ல கௌஃபிஷ் 9 செ.மீ. அந்த நேரத்துல தெரிஞ்ச ஒருத்தர் டேங்க்கை கலைக்கிறார்னு ஒரு செயில்ஃபின் டாங் சும்மா கிடைச்சுது. சும்மா வந்ததால குவாரன்டைன் பண்ணணும்னு தோணல. அதுவும் 40 செ.மீ. வரைக்கும் போற மீன், 4 அடி டேங்க்கு ஆகாது. அந்த கணக்கையும் யாரும் போடல.

ஒன்பதாவது நாள் செயில்ஃபின் மேல உப்பு தூவின மாதிரி புள்ளி. பன்னிரண்டாவது நாள் கௌஃபிஷ் பாறையில ஒரு பக்கமா உரசுது, துடுப்புல நாலஞ்சு புள்ளி, மூச்சு வேகமா இருக்கு. மெரைன் இக்னு சொல்ற க்ரிப்டோகேரியன், ஒரு ஒட்டுண்ணி. கௌஃபிஷ்ஷும் சேர்ந்த பாக்ஸ்ஃபிஷ் குடும்பத்துக்கு இது சீக்கிரம் பிடிக்கும். புள்ளி நாலஞ்சு நாள்ல மீன்ல இருந்து விழுந்துடும், எல்லாரும் குணமாயிடுச்சுன்னு நினைப்பாங்க, ஆனா அது மணல்லயும் பாறையிலயும் முட்டைக்கூடு மாதிரி ஒட்டி, அங்க பெருகி, பல மடங்கா திரும்ப வரும். டேங்க்ல மீன் இருக்கிற வரைக்கும் இந்த சுத்து நிக்காது.

என்ன பண்றதுன்னு பேசினது

எல்லா மீனையும் வெளிய எடுத்து வைத்தியம், டேங்க் 76 நாள் மீனே இல்லாம காலி. இது வரைக்கும் எங்களுக்குள்ள கருத்து வேறுபாடு இல்ல. எந்த வைத்தியம்ங்கிறதுலதான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேச்சு.

செயில்ஃபின், க்ளவுன், டாம்சல், சிக்ஸ்லைனுக்கு காப்பர், அதாவது தண்ணியில கலக்குற செம்பு மருந்து, என் வீட்ல இருந்த 80 லிட்டர் டப்ல. கௌஃபிஷ்ஷுக்கு காப்பர் வேண்டாம்னு முடிவு பண்ணோம், இந்த குடும்பத்துக்கு காப்பர் ஒத்துக்கிறதில்லைன்னு வளத்தவங்க பரவலா சொல்றதும் ஒரு காரணம், டோஸ் தப்பினா அதுக்கு வர்ற பதட்டத்துல டப்பையே கெடுத்துடும்ங்கிற பயம் இன்னொரு காரணம். 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை புது டப்புக்கு மாத்திக்கிட்டே போற முறையை நண்பர் சொன்னார், மருந்தே இல்லாத நல்ல முறைதான். ஆனா தொட்டாலே விஷம் விடுற மீனை பன்னிரண்டு நாள்ல நாலஞ்சு தடவை பிடிக்கிறதுங்கிறது எனக்கு சரியா படல. கடைசில உப்பை குறைக்கிற முறை, கிராவிட்டியை 1.009க்கு கொண்டுவந்து அஞ்சு வாரம் அப்படியே வைக்கிறது. ஒரே தடவை மாத்தினா போதும், அப்புறம் தண்ணியைத்தான் மாத்துவோம், மீனை தொட மாட்டோம். உப்பை அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர் சரியா இருக்கணும், 1.011ல நின்னுட்டா பிரயோஜனம் இல்ல.

100 லிட்டர் நீல டப்ல சனிக்கிழமையே புது உப்புத்தண்ணி கலந்து ஏர் போட்டு வச்சாச்சு. ஞாயிறு நடந்ததுல நாங்க ஒழுங்கா பண்ண ஒரே காரியம் அதுதான்.

அந்த ஞாயிறு

காலை 10 மணி. நான், நண்பர், அவர் அக்கா பையன். முதல்ல எதைப் பிடிக்கலாம்னு கேட்டப்ப நான்தான் சொன்னேன், கௌஃபிஷ் ஓடாது, மக்கை காட்டினா தானா வரும், அதை கடைசில பிடிச்சுக்கலாம், கஷ்டமானதை முதல்ல எடுப்போம்னு. கேக்க நியாயமா இருந்துச்சு, ரெண்டு பேரும் சரின்னாங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டேங்க் தண்ணியில ஒரு பக்கெட் ரொப்பி பேட்டரி ஏர் பம்ப் போட்டோம். இதை 1வது பக்கெட்னு வச்சுக்கோங்க. செயில்ஃபின் சோர்ந்து ஓரத்துல நின்னதால பத்தே நிமிஷத்துல கிடைச்சுது, ஒரு டாம்சலும் கூடவே. ரெண்டும் 1வது பக்கெட்ல.

மத்ததெல்லாம் பாறைக்குள்ள. தண்ணியை பாதிக்கு கீழ இறக்கி டிரம்ல பிடிச்சு வச்சோம், சம்ப்ல இருந்து தண்ணியை மேல ஏத்துற ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர் எல்லாம் ஆஃப். பாறையை ஒண்ணொண்ணா வெளிய எடுக்க எடுக்க மணல் கலங்கிச்சு. கௌஃபிஷ் கண்ணாடி ஓரமா மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருந்துச்சு, நிறம் மங்கி, மஞ்சள்ல பழுப்பு ஏறின மாதிரி. அதை நான் பாத்தேன். பாத்துட்டு கண்ணு முன்னாடி சிக்ஸ்லைன் ஓடினதும் அது பின்னாடி போயிட்டேன்.

11:15 வாக்குல ஓவர்ஃப்ளோ பெட்டிக்கும் (தண்ணி சம்ப்புக்கு வழியுற இடம்) சாய்ச்சு வச்சிருந்த ஒரு பாறைக்கும் நடுவுல கௌஃபிஷ் மாட்டிக்கிச்சு, முன்கொம்பு ரெண்டும் பெட்டியோட பல்லுல. அக்கா பையன் கையை விட்டு பாறையை நகத்தி விடுவிச்சான். அப்ப அது "க்ர்ர் க்ர்ர்"னு உறுமின மாதிரி சத்தம் போட்டது தண்ணிக்கு மேலயே கேட்டுச்சு, கௌஃபிஷ் பிடிச்சா இப்படி சத்தம் போடும்னு படிச்சிருக்கேன், அன்னிக்குத்தான் கேட்டேன். பையன் சிரிச்சான், நாங்களும்.

11:30க்கு இன்னொரு பக்கெட்ல டேங்க் தண்ணி மொண்டு ஏர் போட்டோம், 2வது பக்கெட். அடுத்த பத்து நிமிஷத்துல க்ளவுன் ரெண்டும் சிக்ஸ்லைனும் அதுல. பாக்கி ஒரு டாம்சல், கௌஃபிஷ்.

11:55க்கு தற்செயலா திரும்பிப் பாத்தா 2வது பக்கெட்ல நுரை. ஏர்ஸ்டோன் போட்டா குமிழி வரும் உடையும், இது உடையல, துணி துவைக்கிற பக்கெட் மாதிரி விளிம்புல ஒரு விரக்கடை நுரை நிக்குது. சிக்ஸ்லைன் அடியில சாஞ்சு கிடக்குது, க்ளவுன் ரெண்டும் மேல வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்குது. பக்கத்துலயே 1வது பக்கெட், அதே பம்ப்ல இருந்து பிரிச்ச டியூப்தான், அதுல நுரையே இல்ல, செயில்ஃபின் சாதாரணமா நிக்குது.

அப்பத்தான் உறைச்சுது. நண்பர் மக்கை எடுத்து கௌஃபிஷ்ஷை அப்படியே மொண்டு நீல டப்புக்கு கொண்டுபோனார், மக்ல இருந்த பழைய தண்ணி டப்ல விழாம மீனை மட்டும் சரிச்சு விட்டார். நான் க்ளவுன் ரெண்டையும் புதுத்தண்ணி இருந்த இன்னொரு பாத்திரத்துக்கு மாத்தினேன். சிக்ஸ்லைன் 12:10க்கு போயிடுச்சு. பெரிய க்ளவுன் 12:20க்கு. சின்னது ஒரு மணி நேரம் பக்கவாட்டுல மிதந்துட்டு, நிமிந்து நின்னுச்சு, பொழைச்சுக்கிச்சு. டேங்க்லயே விட்டிருந்த டாம்சல் பாறைக்கு பின்னாடி செத்துக் கிடந்தது 12:30க்கு தெரிஞ்சுது.

கார்பன், அதாவது தண்ணியில கலந்த விஷம், மருந்தை உறிஞ்சுற கரி, வீட்ல இல்ல. ஞாயித்துக்கிழமை தெரிஞ்ச கடையெல்லாம் சுத்தி, நாலு மணிக்குத்தான் கார்பன் உள்ள விழுந்துச்சு. பொண்ணு ரூம்ல இருந்து வெளிய வரவே இல்ல.

விஷம் தானா, வேற ஏதாவதா

அன்னிக்கு ராத்திரியே எழுதி வச்சுக்கிட்ட குறிப்புல இருந்து சொல்றேன், ஏன்னா ரெண்டு நாள் போனா எல்லாரும் தனக்கு வசதியான மாதிரி ஞாபகம் வச்சுப்பாங்க.

ஆக்சிஜன் குறைஞ்சதா? ரெண்டு பக்கெட்லயும் ஒரே பம்ப். அதுலயும் 1வது பக்கெட்ல இருந்தது பெரிய, ஏற்கனவே நோயான செயில்ஃபின், ரெண்டு மணி நேரமா. ஆக்சிஜன்னா அதுதான் முதல்ல விழணும். அம்மோனியாவா? டெஸ்ட் பண்ணோம், 2வது பக்கெட்ல பூஜ்யம், 1வதுல லேசா நிறம் மாறிச்சு, அதுல இருந்த மீனுக்கு ஒண்ணும் ஆகல. மணல் கலங்கி அழுகின வாயு வந்ததா? இதை முழுசா தள்ளிட முடியாது, 2வது பக்கெட் தண்ணி மணல் கலங்கினதுக்கு அப்புறம் மொண்டதுதான். ஆனா மணல் ஒரு இஞ்ச்தான், அழுகின முட்டை வாடை யாருக்கும் வரல, டேங்க்லயே அரைத் தண்ணியில கிடந்த கிளீனர் ஷ்ரிம்ப், நத்தை எல்லாம் மறுநாளும் நல்லா இருந்துச்சு.

மிச்சம் இருக்கிறது கௌஃபிஷ். நுரை அதுக்குத்தான் கை காட்டுது. இந்த குடும்பத்து மீனுங்க பயந்தாலோ அடிபட்டாலோ தோல்ல இருந்து ஒரு கோழையை விடும், அதுல இருக்கிற விஷம் சோப்பு மாதிரி வேலை செய்யிறது, செவுளையும் ரத்த சிவப்பணுவையும் சிதைக்கும். 1964ல ஹவாய்ல பாக்ஸ்ஃபிஷ்ல இதை முதல்ல விவரமா ஆராய்ஞ்சாங்க, அங்க பாக்ஸ்ஃபிஷ்ஷுக்கு பஹுன்னு பேர், அதனால பஹுடாக்சின்னும் சொல்வாங்க. பேத்தை மீன்ல, அதாவது பஃபர்ல, இருக்கிற விஷம் வேற, அது ஈரல், சினைல இருக்கும், தின்னாத்தான் ஆபத்து. இது தண்ணியில கலந்து பக்கத்துல இருக்கிறதை கொல்லுற விஷம். மாத்து மருந்து கிடையாது, மீனை நல்ல தண்ணிக்கு மாத்தணும், கெட்ட தண்ணிக்கு கார்பன், அவ்ளோதான். அளவு அதிகமானா விட்ட மீனையே கொல்லும்.

இன்னொண்ணு. டேங்க்கை முழுசா வச்சிருந்தா 270 லிட்டர்ல கரைஞ்சிருக்கும். நாங்க பாதிக்கு கீழ இறக்கினோம், ஸ்கிம்மரையும் நிறுத்தினோம். அதே அளவு விஷம், ரெண்டு மடங்கு கெட்டியா. சாயங்காலம் ஸ்கிம்மரை ஓட விட்டதும் கப் பொங்கி வழிஞ்சுது, அதை நான் சாட்சியா எடுத்துக்கல, நிறுத்தி ஓட்டினா எந்த ஸ்கிம்மரும் கொஞ்சம் பொங்கும். ரெண்டு பக்கெட் வித்தியாசம்தான் எனக்கு சாட்சி. ஒண்ணு 10 மணித் தண்ணி, இன்னொண்ணு பதினொன்றரைத் தண்ணி, நடுவுல அந்த உறுமல்.

அடுத்த 76 நாள்

டேங்க்ல ரெண்டு தடவையா பாதித் தண்ணி மாத்தி, கார்பன் போட்டு, மீன் இல்லாம விட்டாச்சு. செயில்ஃபின், டாம்சல், சின்ன க்ளவுன் என் வீட்டுக்கு, காப்பர்ல. அதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, மூணும் தேறிச்சு.

கௌஃபிஷ் டப்பை சுத்தி கறுப்புத்துணி கட்டி, ஒரு பிவிசி வளைவு ஒளிஞ்சுக்க, சம்ப்ல இருந்து எடுத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு பை கார்பன். மருந்து இல்லாததால கார்பனை தைரியமா வைக்கலாம், உப்பை குறைக்கிற முறையில எங்களுக்கு பிடிச்சதே அது. ரெண்டு நாள்ல 1.009க்கு இறக்கினோம். உப்பு குறைஞ்சா பிஹெச் சரியும், தினமும் பாத்து சோடா உப்பு சிட்டிகை கணக்குல. அம்மோனியாவும் தினமும், முதல் பத்து நாள் ஸ்பாஞ்ச் தாங்கல, ஒரு நாள் விட்டு ஒரு நாள் 30 சதவீதம் தண்ணி மாத்தினார், ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி, சட்டை நனையாம எப்படி ஊத்துறதுன்னு ஒரு கலையே கத்துக்கிட்டார்.

மூணு நாள் எதையும் தொடல. நாலாவது நாள் மத்தியானம் அம்மா போன் பண்ணி, "சாப்டுச்சுடா"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வச்சுட்டாங்க. மட்டி. அப்புறம் பழையபடி மேல வந்து கெஞ்ச ஆரம்பிச்சு, சிரிஞ்ச் வர லேட்டானா முகத்துல தண்ணியை பீச்சும். பத்தாவது நாளுக்கு அப்புறம் புள்ளி வரல. 36 நாள் குறைஞ்ச உப்புல, அப்புறம் ஆறு நாள் எடுத்து மெதுவா 1.025க்கு ஏத்தினோம், இறக்கும்போது அவசரப்பட்டா மீன் தாங்கும், ஏத்தும்போது தாங்காது. மிச்ச நாள் சாதாரண உப்புல அதே டப்ல.

நவம்பர்ல டேங்க்குக்கு திரும்பிச்சு, மக்ல. இந்த தடவை டேங்க்ல வேற யாரும் இல்லாதப்ப முதல்ல அது, ஒரு வாரம் கழிச்சு க்ளவுனும் டாம்சலும். செயில்ஃபின்னை திரும்ப போடல, பெரிய டேங்க் இருக்கிற ஒருத்தருக்கு கொடுத்துட்டார்.

இப்ப பண்ணா என்ன மாத்துவோம்

கௌஃபிஷ்ஷை முதல்ல எடுப்போம். டேங்க்ல வலையோ கையோ போறதுக்கு முன்னாடி, பாறையை தொடுறதுக்கு முன்னாடி, லைட் போடுறதுக்கு முன்னாடியே கூட, மக்ல மொண்டு தனித் தண்ணியில. ஓடாத மீன்ங்கிறதால கடைசின்னு நான் நினைச்சேன், ஓட முடியாததால அது வேற வழியில தப்பிக்கப் பாக்கும்னு யோசிக்கல.

மீன் நிறம் மங்கினதைப் பாத்தப்பவே வேலையை நிறுத்தியிருக்கணும். அதை இன்னும் அப்பப்ப நினைச்சுப்பேன், அது பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே சொல்லிடுச்சு.

அரை கிலோ கார்பனும் 50 லிட்டர் கலந்த உப்புத்தண்ணியும் எப்பவும் வீட்ல இருக்கணும், இந்த மீன் இருக்கிற வீட்ல. மத்த மீனை டேங்க் தண்ணியில பிடிச்சு வைக்காம புதுத்தண்ணியில பிடிச்சு வச்சிருந்தா மூணுல ரெண்டாவது தப்பிச்சிருக்கும்.

இதெல்லாம் அந்த ஞாயித்துக்கிழமையை சரி பண்ற விஷயம். அந்த ஞாயிறே வராம இருக்க செயில்ஃபின் ஒரு மாசம் குவாரன்டைன்ல இருந்திருக்கணும், ஒரு டப்பும் ஒரு ஸ்பாஞ்ச்சும், நானூறு ஐநூறு ரூபா விஷயம். நண்பர் கேட்டா இன்னும் பின்னாடி போய், கொளத்தூர்லயே "எவ்ளோ பெருசாகும்"னு கேட்டிருக்கணும்பார். என் பொண்ணு அதை விட்டிருக்க மாட்டா, கேட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன்னும் அவரே சொல்வார்.

கூட என்ன மீன் இருந்துச்சுங்கிறதும் ஒரு விஷயம். சிக்ஸ்லைன், டாம்சல் மாதிரி வேகமா பிடுங்கித் தின்னுற, சீண்டுற மீன் இருக்கிற டேங்க்ல மெதுவா குறி வச்சு சாப்பிடுற மீனை விட்டது முதல் நாள்ல இருந்தே தப்பு. அம்மா மத்தியானம் வீட்ல இல்லாத வீடா இருந்தா இந்த ஆய்வு மார்ச் மாசமே முடிஞ்சிருக்கும்.

இப்போ

அடுத்த ஜூன்ல கௌஃபிஷ் 15 செ.மீ. ஆச்சு. திரும்பும்போது கொம்பு கண்ணாடியில உரச ஆரம்பிச்சப்ப கொடுத்துடலாம்னு முடிவு. ஒரு உறவுக்காரர் பெசன்ட் நகர் பீச்ல விட்டுடலாமே, கடல் மீன்தானேன்னார், அது மட்டும் கூடாது, ஒன்றரை வருஷம் ஊர் ஊரா வந்த மீனோட ஒரே தொட்டியில இருந்து என்னென்ன நோயை சுமக்குதுன்னு தெரியாத மீன் அது, தானா இரை தேடி பொழைக்கிற பழக்கமும் போயிருக்கும். 8 அடிக்கு 3 அடியில டேங்க் வச்சிருக்கிற ஒருத்தர் எடுத்துக்கிட்டார், அவர்கிட்ட இருக்கிறது எல்லாமே மந்தமான மீன். முதல் நாள் சாப்பாடு போடாம, 60 லிட்டர் பெட்டியில புதுத்தண்ணி, பேட்டரி ஏர், மேல போர்வை, காலை ஆறு மணி டிராஃபிக் இல்லாத நேரம். ஒன்றரை மணி நேரப் பயணம், நுரை வரல, நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டார்ச் அடிக்காம கையை வச்சு மேற்பரப்பை தடவிப் பாத்துக்கிட்டே வந்தேன். போன மாசம் வரைக்கும் நல்லா இருக்கு.

நண்பர் டேங்க்ல இப்ப ஒரு க்ளவுன், ஒரு டாம்சல், அதே ஷ்ரிம்ப். அதுங்களுக்கு ஒரு வேளை போதும்னு சொல்லிப் பாத்தாச்சு, அம்மா மத்தியானம் சிரிஞ்ச்சை எடுத்துட்டு உக்காந்துடுறாங்க, நைட்ரேட் இன்னும் இறங்கல.